மேற்படி வார்த்தைகள்

"மேற்படி வார்த்தைகள், மேற்படி வார்த்தைகள்னு மனு முழுக்க எழுதியிருக்கீங்க. சரிங்க. என்ன வார்த்தைங்க அது?"

நாமக்கல்லில் கல்வி அதிகாரி இப்படிக் கேட்டதும் நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் இருந்த தலைமையாசிரியர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

மனுவை எழுதியவன் நான். வக்கீலம்மா திருத்தினார். டைப் அடித்து, பிழை பார்த்து, பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். எல்லாம் செய்தோம். அந்தப் பிள்ளை அப்படி என்னதான் சொன்னது என்று அதனிடம் கேட்க மட்டும் மறந்துபோனோம்.

பிள்ளையின் பெயர் பவளாயி. கொல்லிமலைத் தேவனூர் நாட்டுப் பிள்ளை. அடிவாரத்தில் ஒரு பள்ளியில் விடுதியில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. பள்ளியின் பெயரை எழுத மாட்டேன். இப்போது அது நல்ல பள்ளி. தலைமையாசிரியரைத் தகாத வார்த்தை பேசியதாகச் சொல்லி, டி.சி.யை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் அது திரும்ப வகுப்பில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் போச்சு. வருஷம் போனால், வருகிற தையில் கல்யாணம் என்று அதன் அப்பா சடையன் மாப்பிள்ளையே பார்த்துவிட்டார்.

அப்படிப்பட்ட நாளில்தான் நாங்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம்.

கோட்டு மாட்டிவிட்டவன்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர் 'மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா' என்று எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அதைப் படித்து என் சம்சாரம் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி ஊற்றிவிட்டது. அன்பரே, நான் வக்கீல் இல்லை. வக்கீலுக்குக் கோட்டு எடுத்துக் கொடுத்தவன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னை வெளியே தள்ளியது. அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் வக்கீலம்மாவின் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது படித்ததுதான்.

நாமக்கல் தனி மாவட்டம் ஆன புதிது. எந்த ஆபீஸ் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஆபீஸ்காரர்களுக்கே சரியாகத் தெரியாத காலம். வக்கீலம்மா சேந்தமங்கலத்தில் ஒரு மளிகைக் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருந்தார். முதலில் வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு என்றுதான் வந்தார்கள். அப்புறம் ஒரு தாய் வந்தாள். வகுப்பில் தன் மகனை மட்டும் தனியாக உட்கார வைக்கிறார்கள், தண்ணீர்ப் பானையைத் தொட விடுவதில்லை என்று அழுதாள். வக்கீலம்மா அதற்குப் போராடி ஜெயித்தார். அதோடு வரப்புக்காரர்கள் நின்றுபோனார்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரில் அவருக்குப் 'பள்ளிக்கூட வக்கீல்' என்று பெயர். எனக்கு 'மேற்படி' என்று பெயர்.

அதற்குக் காரணம் உண்டு. மனு எழுதி எழுதி அந்த வார்த்தை என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "மேற்படி சாம்பார்ல உப்பு கம்மி" என்று ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "மேற்படி உப்பு மேற்படி ஜாடியில இருக்குது, மேற்படியார் எந்திரிச்சுப் போயி எடுத்துக்கலாமுங்க" என்றாள் என் சம்சாரம். அது எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளி வைக்கிறவர் யாரும் 'தள்ளி வைக்கிறேன்' என்று சொல்ல மாட்டார். இடமில்லை என்பார். வயது கூடிவிட்டது என்பார். ஒழுக்கம் போதாது என்பார். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டி எடுப்பதுதான் வக்கீலம்மாவின் வேலை. அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார். நான் சாமிக்கு வேண்டுதல் போடுவேன். ஜெயித்தால் பெருமையில் பாதியை முருகனுக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். தோற்றால் சட்டம் சரியில்லை என்பேன். முருகன் தோற்று நான் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்த சடையன்

விஷயத்தை நேரில் கேட்டுவரத் தேவனூர் நாட்டுக்குப் பஸ் ஏறினோம். கொல்லிமலை ரோட்டின் வளைவுகளைப் பற்றி எல்லாரும் அழகு அழகு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த அழகு தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் என் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும், கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் கட்டுகளைப் படித்துக்கொண்டு வருவார்.

சடையன் மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் கும்பிட்டு, "வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். யாருமில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "நா மட்டுந்தான் இருக்கறேன். நீ வா, உக்காரு. வழியெல்லாம் வாந்தியா? மூஞ்சி வெளுத்துக் கெடக்குதே" என்றார்.

நெற்றி நிறைய விபூதி, தோளில் மடித்த துண்டு, நாற்பது தாண்டிய ஆள் நான். சேந்தமங்கலத்தில் டீக்கடைக்காரர்கூட 'வாங்க' என்றுதான் சொல்வார். எனக்குச் சுருக்கென்றது. வக்கீலம்மாவிடம் அதற்கும் ஒரு படி மேலே போய், "ஏ பொண்ணே, நீ ஏன் நிக்கற?" என்று கட்டிலைத் தட்டிப் போட்டார். வக்கீலம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் புரிந்தது. எங்கள் கீழ்நாட்டில் ஆடு மாடு தவிர எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவோம். கைக்குழந்தையிடம்கூட 'வாங்க சாமி' என்போம். மலையில் அந்தப் பக்கத்துச் சில குடும்பங்களில் பெரியவர், சின்னவர், ஆபீசர் எல்லாருக்கும் 'நீ'தான். ஒரு ஆளை 'நீங்க' என்றால், கூட வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவமரியாதை என்ற எண்ணமே அதில் கிடையாது.

சடையன் நடந்ததைச் சொன்னார். பெரிய வாத்தியாரை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் 'நீ' என்று பேசிவிட்டதாம் பவளாயி. நாலாம் நாள் டி.சி.யை நீட்டினார்களாம். அதை வாங்காமல் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"வாங்காம வந்தியே, அதுதான் பெரிய காரியம்" என்றார் வக்கீலம்மா. அவர் எவரோடும் அவரவர் பேச்சில் பேசுவார்.

வரும் வழியில் வக்கீலம்மா மனுவுக்கான முக்கியமான நியாயத்தைச் சொல்லச் சொல்ல, வாந்திக்கு நடுவே நான் மனப்பாடம் செய்தேன். பேச்சு வழக்கைக் காரணம் காட்டி மலைப்பிள்ளையை வெளியேற்றுவது பாகுபாடு. அதைவிட முக்கியம், தண்டிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் தரப்பைக் கேட்கவே இல்லை.

தரப்பைக் கேட்கவே இல்லை! அடிக்கோடு போட்டு எழுதினேன். அடிக்கோடு போட்டவனும் கேட்கவில்லை. 'நீ' என்று சொன்னது ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த 'நீ'க்கு முன்னாலும் பின்னாலும் ஏதாவது இருக்கும் என்று தோன்றவில்லை.

பழனிங்களா, திருப்பதிங்களா?

மனு கொடுப்பதற்கு முன்னால் சமாதானமாகப் பேசிப் பார்க்க என்னைப் பள்ளிக்கு அனுப்பினார் வக்கீலம்மா. நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். பெரிய மனிதர்களிடம் நயமாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

தலைமையாசிரியரின் அறைக்குள் நுழைந்ததுமே என் மனது குளிர்ந்தது. அவர் தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. மீசையும் மழித்து, அரும்பாக இருந்தது. கோயிலுக்கு முடி இறக்கிய மனுஷன்! சாமி பக்தி உள்ளவர் மனம் இரங்காமல் போகுமா? வந்த காரியத்துக்கு முன்னால் ஒரு நல்ல வார்த்தை பேசலாம் என்று, "பழனிங்களா, திருப்பதிங்களா?" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்து, "கொஞ்சம் பிரசாதம் இருந்தாக் குடுங்க, ஊட்டுல கொடுத்தாச் சந்தோசப்படுவாங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் எழுந்து நின்று, "வெளிய போங்க" என்றார். 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் துரத்தியதில்லை.

ஆபீசுக்கு வந்து, ஆள் பக்திமான்தான் ஆனால் கோபக்காரர் என்று வக்கீலம்மாவிடம் அறிக்கை கொடுத்தேன்.

'ங்க' பாடம்

விசாரணைக்கு முதல் நாளே சடையனும் பவளாயியும் மலையிறங்கி எங்கள் வீட்டில் தங்கினார்கள். பவளாயி ஒல்லியாக, கண்ணும் வாயும் ஓயாத பிள்ளை. வந்த அரை மணியில் என் சம்சாரத்தை 'அத்தே' என்றும் என்னை 'மாமா' என்றும் ஆக்கிவிட்டது. எங்கள் பூனைக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டது.

வக்கீலம்மாவுக்குத் தெரியாமல் நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். வழக்கு என்னவோ 'நீ' தப்பில்லை என்பதுதான். இருந்தாலும் அதிகாரி முன்னால் இந்தப் பிள்ளை 'நீங்க' என்று நாலு வார்த்தை பேசிவிட்டால் காரியம் சுளுவாக முடிந்துவிடுமே என்று நினைத்தேன்.

"கண்ணு, பெரியவங்களை நீன்னு சொல்லக் கூடாது. வாங்க, போங்க, சொல்லுங்க. எங்க சொல்லு?"

பவளாயி யோசித்தது. "காத்தால சாமி படத்துக்கு முன்னால நின்னு, 'நீதாம்பா காப்பாத்தோணும்'னியே மாமா. சாமி பெரியவரு இல்லையா?"

சமையலறையிலிருந்து என் சம்சாரம், "பதில் சொல்லுங்க மேற்படியாரே" என்றாள்.

சாமி நமக்கு நெருக்கம், அதனால் அப்படி என்று சமாளித்தேன். "வாத்தியாரு நெருக்கமில்லையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதிலுக்குப் பதில் பேசாமல் பாடத்தைக் கவனி என்று சொல்லிவிட்டேன். உலகத்தில் எல்லா ஆசிரியர்களும் பதில் தெரியாதபோது சொல்வது அதுதான்.

சாயங்காலத்துக்குள் பாடம் ஏறிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. "பூனைங்க பாலைங்க குடிச்சிருச்சுங்க அத்தேங்க" என்று அது சொன்னபோது, என் சம்சாரம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சடையன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரோ மாதிரி பேசுது" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் சொன்ன மாதிரி

இனி அந்த அறைக்குத் திரும்பி வருகிறேன்.

எங்களிடமிருந்து பதில் வராததால் அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். பள்ளியின் கடிதத்தில் 'தகாத வார்த்தைகள்' என்று இருக்கிறதே, அதையாவது சொல்லுங்கள் என்றார். தலைமையாசிரியர், அதைத் தன் வாயால் சொல்ல விருப்பமில்லை என்றார். ஐயோ, நிஜமாகவே கெட்ட வார்த்தையோ? நாம் பாட்டுக்கு மஞ்சள் தடவிச் சாமி பாதத்தில் வைத்துவிட்டோமே!

அதிகாரி கடைசியில் பவளாயியைப் பார்த்தார். "நீயே சொல்லு கண்ணு."

பவளாயி எழுந்தது. என்னைப் பார்த்தது. நான் உதட்டை மட்டும் அசைத்து 'ங்க, ங்க' என்றேன்.

"மாமா, அன்னைக்குச் சொன்ன மாதிரி சொல்லட்டா, நேத்து நீ சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லட்டா?"

வக்கீலம்மா மெல்லத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே எழுத முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சில நாள் சாப்பிடும்போது ஞாபகம் வருகிறது.

"அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு" என்றார் அதிகாரி.

பவளாயி தலைமையாசிரியரைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"பெரிய வாத்தியாரே, நீ அழுவாத. உங்கம்மா நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கும். நீ சோறு தின்னியா?"

அவ்வளவுதான். அதுதான் மேற்படி வார்த்தைகள்.

அதிகாரி மெதுவாகக் கேட்க, தலைமையாசிரியர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தாயார் இறந்து, காரியமெல்லாம் முடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்த முதல் நாள். காலைப் பிரார்த்தனையில் பேச வாயெடுத்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. பேசாமல் மேடையை விட்டு இறங்கிவிட்டார். பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போகும்போது இந்தப் பிள்ளை வரிசையை விட்டு வந்து அவர் முன்னால் நின்று கேட்டிருக்கிறது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் கரும்பலகையில் 'நீ சோறு தின்னியா' என்று யாரோ எழுதி வைத்தார்கள். அடுத்த நாள் கழிப்பறைச் சுவரில். நாலாம் நாள் அவருக்குத் தாங்கவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாயைப் பறிகொடுத்துவிட்டு மொட்டையோடு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் நான் பிரசாதம் கேட்டிருக்கிறேன். முருகா, அன்றைக்கு என் நாக்கை நீ கட்டிப்போட்டிருக்கலாம்.

அப்போதுதான் சடையன் வாயைத் திறந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "எழவு ஊட்டுக்காரனப் பாத்தா மொதல்ல சோறு தின்னியான்னு கேக்கோணும். கேக்காமப் போனா எங்க பக்கம் அதுதான் மருவாதி இல்லாதது" என்றார்.

தலைமையாசிரியர் நாற்காலியைப் பவளாயி பக்கம் திருப்பினார். பிறகு பவளாயியிடம், "இல்ல கண்ணு. அன்னைக்கு நான் சாப்பிடல" என்றார்.

எழுத்தில் வேணுங்க

நாளைக்கே பிள்ளை வகுப்புக்கு வரட்டும், டி.சி.யைக் கிழித்துவிடுகிறேன் என்றார் அவர். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தக் கோயிலில் முதலில் தேங்காய் உடைப்பது என்று யோசித்துக்கொண்டே கட்டுகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வக்கீலம்மா எழுந்திருக்கவில்லை.

"ஐயா, சார் மனசு எறங்கிச் சேத்துக்கறேங்கறது பெரிய மனசுதானுங்க. எனக்கு அது எழுத்துல வேணுங்க" என்றார்.

அதிகாரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதுதான் முடிந்துவிட்டதே அம்மா என்றார். தலைமையாசிரியரின் முகம் மறுபடி இறுகியது. கனிந்து வந்த பழத்தைக் கல்லால் அடிக்கிறாரே இந்த அம்மா என்று நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன். நல்ல வார்த்தைகளால் திட்டவில்லை.

"முடியலீங்க ஐயா. இந்தப் புள்ள நல்ல வார்த்தை சொல்லியிருந்துச்சு, தப்பிச்சுது. நாளைக்கு இன்னொரு மலைப்புள்ள வரும். அது 'நீ ஏன் என்னை அடிச்ச'ன்னு கேக்கும். அதுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துல எடம் இருக்கோணுமுங்க. இனிப்பாப் பேசற புள்ளைக்கு மட்டும் சட்டம் எதுக்குங்க?"

தலைமையாசிரியர்தான் முதலில், "எழுதிக் குடுங்க" என்றார்.

அங்கேயே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதினேன். வீட்டில் பேசும் முறையில் பேசியதற்காக எந்தப் பிள்ளையையும் தண்டிக்கக் கூடாது. எந்தப் புகாரானாலும் பிள்ளை சொன்னதை அது சொன்னபடியே எழுதி, அதன் தரப்பைக் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும். வழக்கம்போல் முதல் வரியிலேயே 'மேற்படி' வந்துவிட்டது. வக்கீலம்மா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, மேலே 'பவளாயி' என்று எழுதினார். பஸ் ஸ்டாண்டு வரை அவர் என்னோடு பேசவில்லை. பஸ் ஏறிய பிறகு, "நாம எதுக்கு வழக்குப் போட்டமோ அதையே ஊட்டுக்குள்ள வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே, கந்தசாமி" என்றார். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேன். அது மலைக்குப் போகிற பஸ்ஸே இல்லை.

பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் பவளாயி வகுப்பில் உட்கார்ந்துவிட்டது. சடையன் மாப்பிள்ளை வீட்டாரிடம் 'அடுத்த தை பாக்கலாம்' என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் அந்த அடுத்த தையும் தள்ளிப்போனது. பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் மயிரிழையில் தேறியது. என்னைப் போலத்தான் என்று நான் சொன்னதற்கு, "மாமா, நீ தேறவே இல்லியே" என்றது.

பதினோராவதும் அதே பள்ளியில்தான் படித்தது. ஒரு விடுமுறைக்கு மலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பள்ளியில் நடந்த ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. ஆறாவதில் புதிதாகச் சேர்ந்த ஒரு மலைப்பிள்ளையை விளையாட்டு வாத்தியார் அடித்துவிட்டாராம். அவளும் எல்லார் முன்னாலும் நிமிர்ந்து நின்று, "நீ ஏன் என்னை அடிச்ச?" என்று கேட்டுவிட்டாளாம். அவர் கொதித்துப்போய், அவள் கையைப் பிடித்துத் தலைமையாசிரியரிடம் இழுத்துக்கொண்டு போய், "சார், என்னைப் பார்த்து நீ ஏன் அடிச்சன்னு கேக்கறாளுங்க" என்றாராம்.

தலைமையாசிரியர் எழுதுவதை நிறுத்தினாராம். முதலில் பிள்ளையின் கையை விடச் சொன்னாராம். அப்புறம் விளையாட்டு வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாராம்:

"சரிங்க, புள்ள கேட்டுச்சு. நீங்க என்ன பதில் சொன்னீங்க?"